பல்கலைக்கழகம் நிறுத்திவிட்டது, இனி என்ன? சுங்கை சிப்புட் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

தேர்வு முடிவு வெளியாகும் வாரங்களில் இந்தக் கேள்விகள் என்னிடம் வரும். யூ.பி.யூ. (அரசாங்கப் பல்கலைகளில் இடம் கேட்கும்) விண்ணப்பம், பி.டி.பி.டி.என். (அரசாங்கக் கல்விக்கடன்) பாரம் இதையெல்லாம் நிரப்பித் தருகிறவன் என்பதால், சேர்த்துவிட்டவனே திரும்பவும் சேர்த்துவிடுவான் என்ற நம்பிக்கை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரைச் சுற்றி எல்பில், டோவன்பி என்று இருக்கும் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலர், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்குப் போனவர்கள். அங்கே உள்ள விதிகளை விளக்கிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். அரசாங்கப் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஒவ்வொரு பல்கலைக்கும் தனி விதிப் புத்தகம் உண்டு, கடைசிச் சொல் அதனுடையதுதான்.

"நிறுத்தப்பட்டேன்" என்றால் சரியாக என்ன அர்த்தம்? கடிதம் மலாயில் இருக்கிறது, அப்பாவுக்குப் புரியவில்லை.

முதலில் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். பயத்தில் முதல் வரியோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். பாயிண்டர், அதாவது 4.00க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 2.00க்குக் கீழே இறங்கினால் முதலில் வருவது பெரும்பாலும் நிபந்தனை நிலை, மலாயில் 'கெடுடுக்கான் பெர்சியாரட்'. அது எச்சரிக்கை மட்டுமே, நீங்கள் இன்னும் மாணவர்தான். அதற்கும் கீழே போனாலோ, அடுத்தடுத்த பருவங்களில் நிபந்தனை நிலையிலேயே கிடந்தாலோதான் படிப்பிலிருந்தே நிறுத்துவார்கள். சில பல்கலையில் மொத்தப் பாயிண்டர் 1.70ஐத் தொடாவிட்டாலே தோல்வி நிலை.

வேறு இரண்டு விஷயங்களையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். பருவப் பதிவு செய்யாமல் விட்டதால் பெயர் நீக்கப்படுவது ஒன்று. ஒழுங்கு நடவடிக்கையால் தடை செய்யப்படுவது இன்னொன்று. இரண்டுக்கும் வழி வேறு. உங்கள் கடிதத்தில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது?

குறைவுதான். பல இடங்களில் முடிவு வெளியானதிலிருந்து இரண்டு வாரம் போல. கடிதத்தில் தேதி இருக்கும், இல்லாவிட்டால் இன்றைக்கே பீடத்து அலுவலகத்துக்கு போன் போடுங்கள். தீபாவளி முடியட்டும், அண்ணன் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்து தேதியைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

ராயுவான் (மேல்முறையீட்டு) கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? நெட்டில் கிடைத்த மாதிரிக் கடிதத்தை அப்படியே போடலாமா?

போடாதீர்கள். அதே மாதிரிக் கடிதம் அதே மேசைக்குப் பல பெயர்களில் போயிருக்கும்.

படிப்பவர்களுக்குத் தெரியவேண்டியது மூன்று விஷயம்: என்ன நடந்தது, அது இப்போது தீர்ந்துவிட்டதா, அடுத்த பருவம் எப்படி வேறாக இருக்கப்போகிறது. நம் பிள்ளைகள் முதல் பாகத்தை ஒன்றரைப் பக்கம் எழுதுகிறார்கள். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை, அம்மாவுக்குச் சர்க்கரை நோய், வீட்டில் ஐந்து பேர் என்று குடும்ப வரலாறு முழுவதும் வந்துவிடும். மூன்றாம் பாகத்துக்கு 'இனிமேல் ஒழுங்காகப் படிப்பேன் என்று உறுதி கூறுகிறேன்' என்ற ஒரே வரி. என் கணக்கில் இது தலைகீழ். வறுமையைப் பார்த்து அவர்களுக்கு இரக்கம் வரலாம். ஆனால் வறுமை அடுத்த பருவமும் இருக்குமே, அப்போது இவன் எப்படித் தேறுவான் என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்குப் பதில் கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. கடன் பணம் வரத் தாமதமானதால் இரவு நேரத்தில் உணவகத்தில் வேலை செய்தான், காலை எட்டு மணி வகுப்புக்குப் போகமுடியவில்லை, இரண்டு பாடத்தில் வருகை குறைந்து தேர்வு எழுத விடவில்லை. இது 'என்ன நடந்தது'. வேலையை விட்டுவிட்டேன், அக்கா மாதம் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் கையெழுத்திட்ட கடிதம் இதோ. இது 'தீர்ந்துவிட்டது'. அடுத்த பருவத்தில் தோற்ற இந்த இரண்டு பாடத்தையும் திரும்ப எடுப்பேன், புதிதாக இரண்டுக்கு மேல் எடுக்கமாட்டேன், கல்வி ஆலோசகரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க அவரிடமே பேசி வைத்திருக்கிறேன். இது திட்டம். மொத்தம் ஒரு பக்கம் போதும்.

பழியை லெக்சரர் மேல் போடாதீர்கள். உண்மையாகவே அவர் பக்கம் தவறு இருந்தாலும் அதற்கு மறுமதிப்பீடு, புகார் என்று தனி வழி இருக்கிறது. இந்தக் கடிதம் அதற்கு இடமில்லை.

உடம்பு சரியில்லாமல்தான் போனது. ஆனால் அப்போது டாக்டரைப் பார்க்கவில்லை. இப்போது கடிதம் வாங்கமுடியுமா?

பழைய தேதிக்கு எந்த டாக்டரும் மருத்துவ விடுப்பு எழுதமாட்டார், எழுதவும் கூடாது. ஆனால் இன்றைக்கு நீங்கள் போய் எப்போதிலிருந்து என்ன தொந்தரவு என்று சொன்னால், இன்றைய பரிசோதனையையும் நீங்கள் சொன்னதையும் பதிவு செய்வார். அதுவும் ஒரு ஆதாரம்தான். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், பணத்தைக் காரணம் சொல்லவேண்டாம். மருத்துவச் சீட்டு இல்லாவிட்டால் அந்தக் காலத்துக்கு வேறு சாட்சி என்ன இருக்கிறது என்று தேடுங்கள்: ரூம்மேட், ஹாஸ்டல் வார்டன், ஆலோசகருக்கு அனுப்பிய வாட்சாப், மருந்துக்கடை ரசீது. வீட்டில் மரணம் என்றால் இறப்புச் சான்றிதழ் நகல்.

ஒய்.பி.யிடம் (சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினரிடம்) ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் காரியம் நடக்குமா?

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒய்.பி. அலுவலகத்துக்குப் போகும் பழக்கம் இருக்கிறது. சாலை விளக்கு எரியவில்லை என்றால் போகலாம். மதிப்பெண் விஷயத்தில் முடிவு செய்வது பீடமும் செனட்டும். அரசியல்வாதி கடிதம் அங்கே எதையும் நிரூபிக்காது. கட்டண பாக்கியைக் கட்ட உதவி வேண்டும் என்றால் அப்போது ஒய்.பி.யைப் பாருங்கள், அது அவரால் முடிகிற காரியம்.

ஒரு ஏஜெண்ட் 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள்.

தோற்ற பாடத்தை மீண்டும் எடுத்தாலும் 2.00க்கு ஏறமுடியுமா? கணக்கே புரியவில்லை.

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் (அந்தப் பாடத்துக்குரிய எடை) அதில் வாங்கிய கிரேடின் புள்ளியையும் பெருக்குங்கள். ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2, எஃப் என்றால் பூஜ்யம். எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் பாயிண்டர்.

ஒரு மாணவி இரண்டு பருவம் முடித்திருக்கிறாள், பருவத்துக்கு 15 கிரெடிட். முதல் பருவம் 1.80, அதாவது 27 புள்ளி. இரண்டாவது 1.40, அதாவது 21 புள்ளி. மொத்தம் 30 கிரெடிட்டுக்கு 48 புள்ளி, பாயிண்டர் 1.60. இரண்டாம் பருவத்தில் மூன்று கிரெடிட் பாடம் இரண்டில் எஃப்.

அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் 12 கிரெடிட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்கிறார்கள். நிபந்தனை நிலையில் இப்படிக் கட்டுப்படுத்துவது பல இடங்களில் வழக்கம். அந்த 12ஐயும் புதுப் பாடங்களாக எடுத்தால், மொத்தம் 42 கிரெடிட் ஆகும். 2.00 வர 84 புள்ளி வேண்டும். கையில் 48 இருக்கிறது, இன்னும் 36 வேண்டும். 12 கிரெடிட்டில் 36 என்றால் எல்லாப் பாடத்திலும் பி. போன பருவம் 1.40 வாங்கியவள் உடனே 3.00 வாங்கவேண்டும். முடியாதென்று சொல்லவில்லை, ஆனால் அதை நம்பி நான் பந்தயம் கட்டமாட்டேன்.

இப்போது அதே 12 கிரெடிட்டில் ஆறு கிரெடிட்டைத் தோற்ற இரண்டு பாடத்துக்கும், மீதி ஆறைப் புதுப் பாடத்துக்கும் கொடுக்கட்டும். புது கிரேடு பழைய எஃப்-ஐ அழித்துவிடும் பல்கலை என்றால் மொத்தக் கிரெடிட் 36தான். வேண்டியது 72 புள்ளி. 72லிருந்து 48 போனால் 24. 12 கிரெடிட்டில் 24 என்றால் எல்லாவற்றிலும் சி போதும். ஒரே உழைப்பு, ஒரே பருவம், ஆனால் ஒன்றில் பி வேண்டும், ஒன்றில் சி போதும்.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் பழைய எஃப்-ஐ அழிக்காமல் இரண்டு முறையும் கணக்கில் சேர்ப்பார்கள். அப்படியானால் கிரெடிட் மறுபடி 42 ஆகி, தேவை திரும்பவும் 3.00க்குப் போய்விடும். ஆகவே பதிவு செய்யும் முன் கேட்கவேண்டிய ஒரே கேள்வி இது: திரும்ப எடுத்தால் பழைய கிரேடு மாற்றப்படுமா, சேர்த்து எண்ணப்படுமா? விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் போட்டோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை ராயுவான் கடிதத்தோடு ஒரு சின்ன அட்டவணையாக இணைத்தால் இன்னும் நல்லது. உங்கள் நிலைமை உங்களுக்கே தெரியும் என்று காட்டும் காகிதம் அது.

இன்னொன்று. தோற்ற பாடம் எல்லாப் பருவத்திலும் நடத்தப்படாது. ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றால் திட்டத்தை அதற்கேற்ப மாற்றவேண்டும்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

இடம் கிடைத்தபோது கோயிலில் மாலை போட்டு, பழைய தமிழ்ப்பள்ளியில் பேனர் கட்டியிருப்பார்கள். அதனால்தான் இது இத்தனை கனமாக இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லிவிடுங்கள், மேல்முறையீட்டுத் தேதிக்கு முன்பே. காலையில் பை மாட்டிக்கொண்டு ஈப்போ பஸ் ஏறி, மாலைவரை மாலில் உட்கார்ந்திருந்து திரும்பி வருவது நடக்கிற கதைதான். அது நீள நீள, பாயிண்டரைவிட அந்தப் பொய்தான் பெரிய பிரச்சினையாகிறது.

நேரடியாக அப்பாவிடம் முடியாவிட்டால் மாமாவையோ அத்தையையோ வைத்துக்கொண்டு பேசுங்கள். கையில் காகிதத்தோடு போங்கள்: கடிதம், கணக்கு, அடுத்த படி. 'என்னை நிறுத்திவிட்டார்கள்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அப்பாவுக்குக் கோபப்படுவதைத் தவிர செய்ய எதுவும் இருக்காது. 'வெள்ளிக்கிழமைக்குள் இதை அனுப்பணும்ப்பா, இதில் உங்க சம்பளச் சீட்டு வேணும்' என்றால் அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுக்கவேண்டாம். ஊர் என்ன சொல்லும் என்ற கவலை உங்களுக்கு இருக்கும்தான், ஆனால் ஊர் கட்டணம் கட்டப்போவதில்லை.

மகன் அறையைவிட்டே வெளியே வருவதில்லை. சாப்பாடும் சரியில்லை. இது சோம்பேறித்தனமா?

அப்படி முடிவுகட்டாதீர்கள். மதிப்பெண் இறங்கியதற்கே இதுதான் காரணமாக இருந்திருக்கலாம். அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போங்கள், தனியாக விடாதீர்கள். படிப்பு விஷயத்தை அப்புறம் பார்க்கலாம்.

பி.டி.பி.டி.என். கடன் என்ன ஆகும்?

படிப்பு நின்றாலும் எடுத்த பணம் கடன்தான். ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா (சேவைக் கட்டணம்) உண்டு. பட்டம் கிடைக்கவில்லை, அதனால் கட்டவேண்டியதில்லை என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், அது தவறு. ஈப்போ கிளைக்குப் போய் நிலைமையைச் சொன்னால் தவணையைக் குறைத்து மறுசீரமைக்கவோ, ஒத்திவைக்கவோ விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கடிதங்களைத் திறக்காமல் அலமாரியில் போட்டால்தான் சிக்கல்.

படிக்கும்போதும் கடன் தொடர பாயிண்டர் குறைந்தது 2.00 வேண்டும். அதாவது நிபந்தனை நிலையில் திரும்பிப் போகிறவர், கடன் பணம் இல்லாமல் ஒரு பருவத்தை ஓட்டவேண்டி வரலாம். ராயுவான் வெற்றி பெற்ற சந்தோஷத்தில் இதை மறந்து, ஹாஸ்டலில் மீ கோரேங் வாங்கக் காசில்லாமல் திரும்பவும் இரவு வேலைக்குப் போனால், கதை முதலிலிருந்து தொடங்கும்.

அந்தப் பருவத்துக்குப் பணம் எங்கே தேடுவது?

அப்பா அம்மாவின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பாருங்கள். பிள்ளையின் டிப்ளோமா, டிகிரி கல்விக்காக அவர்கள் கணக்கிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதத்தில் கணக்குகளைப் பிரித்தபின் அது அக்காவுன் செஜாத்ரா என்ற பகுதியிலிருந்து. ஓய்வுக்காலப் பணம் அது என்பதையும் நினைவில் வையுங்கள், தேவைக்கு மேல் தொடவேண்டாம்.

பிறகு தாத்தா பாட்டியின் பெட்டியைத் துழாவுங்கள். இந்த ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான துன் சம்பந்தன், பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்நாளில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளமானோர் அதில் பங்கு வாங்கினார்கள். பல வீட்டில் அந்தப் பங்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்றே தெரியாது. உறுப்பினர் குடும்பம் என்றால் கல்வி உதவி பற்றிச் சங்கத்தில் கேட்கலாம்.

ராயுவான் நிராகரிக்கப்பட்டது. கதை முடிந்ததா?

அந்தப் பல்கலையில், இப்போதைக்கு, ஆமாம். மற்றபடி இல்லை.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஓப்பன் யூனிவர்சிட்டி மலேசியா 2000இல் நிறுவப்பட்டது, பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலை இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே, பெரும்பாலும் இணையம் வழி படிக்கிறவர்களுக்கானவை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர் போலத்தான், வேலையும் வீடும் கையருகே இருக்கும். முன்படிப்புத் தகுதி போதாதவர்களுக்கு ஆப்பெல் என்ற வழி உண்டு: வேலை அனுபவத்தை மதிப்பிட்டு நுழைவு தருவது, மலேசியக் கல்வித் தகுதி நிறுவனமான எம்.க்யூ.ஏ. மேற்பார்வையில். டிகிரிக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும், மதிப்பீட்டிலும் தேறவேண்டும்.

தனியார் பல்கலை என்றால் பழைய பாடங்களில் சில கிரெடிட்டைக் கொண்டுபோக முடியலாம். பொதுவாக சி அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், பாடத்திட்டம் எண்பது விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும். இதற்குப் பழைய பல்கலையின் டிரான்ஸ்கிரிப்டும் பாடத்திட்டமும் கேட்பார்கள். கட்டண பாக்கி இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வராமல் இழுக்கும், ஆகவே பாக்கியை முதலில் தீருங்கள். கெடாவில் பீடோங் பக்கம் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலையைப் பலர் கேட்கிறார்கள். சேருமுன் எங்கே என்றாலும் மொத்தக் கட்டணத்தைக் கடைசிப் பருவம் வரை எழுதி வாங்குங்கள். முதல் பருவத் தள்ளுபடியைப் பார்த்து மயங்குவது வழக்கமாகிவிட்டது.

பாலிடெக்னிக்கை யாரும் கேட்பதில்லை. எனக்கு இது வருத்தம். ஈப்போவில் உங்கு ஓமார் 1969லிருந்து இருக்கிறது, நாட்டின் முதல் பாலிடெக்னிக். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவை வைத்து டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கும் இடம். டிகிரியிலிருந்து டிப்ளோமாவுக்கு 'இறங்குவது' கௌரவக் குறைச்சல் என்கிறார்கள். கணிதத்தில் அடித்தளம் ஆட்டம் கண்டதால் பொறியியலில் தோற்றவருக்கு, பட்டறையில் கைவைத்துத் தொடங்கி மறுபடி டிகிரிக்கு ஏறுவது சுற்றுவழி அல்ல, அதுதான் அவருக்கு நேர்வழி.

புது விண்ணப்பத்தில் பழைய பல்கலையை மறைத்துவிடலாமா?

கூடாது. இதற்கு முன் படித்தீர்களா என்று கேட்டிருந்தால் ஆம் என்றே எழுதுங்கள். மைகாட் (அடையாள அட்டை) எண்ணில் எல்லாம் கிடக்கிறது. தோற்றவர் என்று தெரிந்தும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, பொய் சொன்னவர் என்று பின்னால் தெரிந்தால் வெளியேற்றுவார்கள்.

அதே துறையா, வேறு துறையா?

எந்தப் பாடத்தில் தோற்றீர்கள் என்று பாருங்கள். வருகை குறைவால் எல்லாப் பாடமும் சரிந்திருந்தால் துறைமேல் பழியில்லை. வகுப்புக்குப் போய், டியூட்டோரியல் செய்து, அப்படியும் துறையின் மையப் பாடங்களிலேயே மட்டும் விழுந்திருந்தால் யோசிக்கவேண்டும். யூ.பி.யூ. பட்டியலில் கடைசியில் சும்மா போட்டுவைத்த துறை கிடைத்து, வந்த இடத்தை விடக்கூடாது என்று போனவர்கள் நிறையப் பேர். அவர்கள் அதே இடத்துக்குத் திரும்பப் போராடுவதைப் பார்த்தால் எதற்கு என்று கேட்கத் தோன்றும், கேட்டும் விடுகிறேன்.

பேசாமல் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடவா?

போகலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. கடனை அடைக்க ஓரிரு ஆண்டு என்று தேதி வைத்துக்கொண்டு போங்கள். வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், பிறகு ஆப்பெலுக்கு அவைதான் சான்று. ராயுவான் தேதி இன்னும் முடியவில்லை என்றால் அதை அனுப்பிவிட்டுப் போங்கள்.

திரும்பச் சேர்ந்தாயிற்று. முதல் வாரத்தில் என்ன செய்வது?

கல்வி ஆலோசகரைப் போய்ப் பாருங்கள், அவர் கூப்பிடும்வரை இருக்காதீர்கள். பாடப் பதிவைச் சரிபாருங்கள், தோற்ற பாடம் உண்மையிலேயே பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று. பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதி எது என்று குறித்துக்கொள்ளுங்கள்: முதல் டெஸ்ட் மிக மோசமாகப் போனால், அந்தத் தேதிக்குள் கைவிட்ட பாடம் எஃப் ஆகாது. பருவம் நடுவே உடம்போ வீடோ உண்மையிலேயே தாங்காது என்றால் பருவத்தை ஒத்திவைக்கும் விண்ணப்பம் இருக்கிறது, அதைத் தேர்வுக்கு முன்பே போடவேண்டும், தேர்வுக்குப் பின் போட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்.

ஹாஸ்டல் கிடைக்குமா?

உறுதி இல்லை. ராயுவான் முடிவு தாமதமாக வருவதால் அறைகள் நிரம்பியிருக்கும். மாணவர் விவகாரப் பிரிவில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடுங்கள். வெளியே வாடகைக்குப் போவதானால் முன்பணம் இரண்டு மாதம் கேட்பார்கள், அதையும் மேலே சொன்ன பணக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.